நானே சொன்னாலும் போடாதே

அன்றைக்கு வந்த மூன்று பேரில், மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் அவர் ஒருவர்தான்.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். மழைக்கோட்டைக் கழற்றி உதறி வாசல் கம்பியில் மாட்டினார். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் மடித்து வைத்த காய்ந்த பேண்ட், ஒரு துண்டு, ரப்பர் அடி வைத்த ஷூ.

"ஈரத்தோட கரண்ட் கிட்ட போக மாட்டேன். பாத்ரூம் எங்கம்மா?"

டிகிரி கையை நீட்டிக் காட்டினாள். அவர் மேல் அவளுக்கு அந்த நிமிஷமே ஒரு நம்பிக்கை வந்தது. உடை மாற்ற அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அதில் பாதி கரைந்தும் போனது.

டிகிரி என்பது அவள் பெயர் இல்லை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் என்பதால் சித்தப்பா கேலிக்கு வைத்தது. அவள் உள்ளே நுழைந்தாலே "எல்லாரும் எந்திரிங்கப்பா, டிகிரி வருது" என்பார். அம்மா அதே பெயரை வாய் நிறையச் சொல்லிச் சொல்லி, கேலியைத் தேய்த்துப் பெருமையை மட்டும் மிச்சம் வைத்தாள். அந்த அம்மாதான் இப்போது உள்ளறையில், மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கோடு, மூன்று தலையணையில் சாய்ந்து கிடந்தாள். இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு. ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வரும். மூன்றாவது வார்த்தைக்கு அடுத்த மூச்சு வரவேண்டும்.

அவளை உயிரோடு வைத்திருந்தது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஆக்சிஜன் மெஷின். கரண்ட் இருந்தால் ஓடும். இல்லையென்றால் வெறும் டப்பா.

பகல் இரண்டே காலுக்கு மாடியில் எதுவோ 'டப்' என்றது. பிளாஸ்டிக் கருகும் வாடை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. மெஷின் கீச்சென்று ஒரு முறை அழுதுவிட்டு நின்றது. தெருவில் எல்லா வீட்டிலும் கரண்ட் இருந்தது. இவர்கள் வீட்டில் மட்டும் இல்லை. அம்மாவை அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டருக்கு மாற்றினாள் டிகிரி. அதன் முள் பாதிக்குச் சற்று மேலே நின்றது.

அந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

கரண்ட் ஆபீஸில், "உங்க வீட்ல மட்டும்னா அது எங்க வேலை இல்லம்மா" என்றார்கள். ஆம்புலன்ஸில், "ரெண்டு மணி நேரம் ஆகும், வண்டி தெருவுக்குள்ள வராது, பேஷன்டை மெயின் ரோடு வரைக்கும் தூக்கிட்டு வரணும்" என்றார்கள். சிலிண்டர் கடைக்காரர் போனையே எடுக்கவில்லை. வீட்டுக்காரர் எடுத்தார். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

"மாடியில யாரையும் ஏத்தாத. நானே வந்து பாத்துக்கறேன்."

"எப்ப வருவீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"அதுவரைக்கும் எங்கம்மா மூச்சை அடக்கிட்டு இருக்கணுமா சார்?"

"படிச்ச பொண்ணு, இப்படியா பேசறது?"

படிக்காதவளாக இருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

'இருபத்து நாலு மணி நேரமும்' என்று விளம்பரம் போட்டவன் முதலில் வந்தான். சேற்றுக் காலோடு கூடம் முழுக்க நடந்தான். எதையும் கழற்றிப் பார்க்காமலே, வீடு பூரா ஒயர் மாத்தணும், நாலு நாள் வேலை என்றான். அவளுடைய பதிலைக் கேட்பதற்கு முன்பே போனில் வேறு யாரிடமோ சிரிக்க ஆரம்பித்துவிட்டான். அவனை அவளே வெளியே அனுப்பினாள். இரண்டாவது ஆள் பைக்கில் வந்தான். கேட் வரைக்கும் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடியை நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மூன்றாவது ஆளின் நம்பர் மருந்துக் கடைக்காரர் கொடுத்தது. "அவரை எல்லாரும் நிதானம்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு பல்பு மாட்ட அரை நாள் ஆக்குவார். ஆனா அவர் தொட்ட வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"அண்ணே, எனக்கு அவசரம். நீங்க நிதானத்தை அனுப்பறீங்களே."

"அவசரத்துக்குத்தாம்மா அவர்."

அவர் இப்போது காய்ந்த பேண்டோடு பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது புருவத்தில் மயிர் இல்லை. நேராக உள்ளறை வாசலுக்குப் போய் அம்மாவைப் பார்த்தார். சிலிண்டர் முள்ளைப் பார்த்தார்.

"இது எவ்ளோ நேரம் வரும்?"

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல சந்தேகம்."

தலையை ஆட்டிவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் போனார். அங்கே வெளிச்சமே இல்லை. டார்ச் அடித்தார். மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன லைட் விட்டு விட்டு எரிந்தது. "இது வரைக்கும் கரண்ட் வருது" என்றார். மீட்டருக்குப் பக்கத்தில் பழைய காலத்து மெயின் சுவிட்ச். இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் கை நீளத்துக்கு ஒரு நெம்புகோல். மேலே தூக்கினால் வரும், கீழே இறக்கினால் நிற்கும். பெட்டியின் மூடியில் ஒரு பெரிய பூட்டு.

அவர் நெம்புகோலைக் கீழே இறக்கினார். அதன்பின் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது முன்னாடி இல்ல" என்றார்.

"முன்னாடி வந்திருக்கீங்களா?"

"ஒரு தடவை."

அதற்கு மேல் சொல்லவில்லை. மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் போய் மூட வேண்டும் என்று அந்தச் சாவியை மட்டும் வீட்டுக்காரர் இவர்களிடம் விட்டிருந்தார். நிதானம் ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"மீட்டர்ல இருந்து ஒயர் முதல்ல மாடிக்குப் போய், அங்க ஒரு பெட்டியில பிரிஞ்சு கீழ வருது. எந்தப் புண்ணியவான் போட்டானோ. மழைத் தண்ணி இறங்கி அந்தப் பெட்டி கருகிப் போச்சு. வெட்டிட்டுப் புதுசா முறுக்கணும். முக்கால் மணி நேரம்."

"சீக்கிரம் முடியாதா?"

"முடியாது." கோபமில்லாமல் சொன்னார். "வழக்கமா நான் என்ன பண்ணுவேன்னா, கீழ ஃபியூஸைப் பிடுங்கி என் சட்டைப் பையில போட்டுட்டுத்தான் மேல ஏறுவேன். அப்புறம் எவன் சுவிட்சைப் போட்டாலும் கரண்ட் வராது. இங்க பெட்டியைப் பூட்டி வச்சிருக்காங்க."

"உடைச்சிடுங்க. வீட்டுக்காரனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"துருப்பிடிச்ச பெட்டிம்மா. அடிக்கிற அடியில உள்ள எது கழண்டு எதைத் தொடும்னு சொல்ல முடியாது. அதைவிட மேல போய் முறுக்கறதுதான் நல்லது."

பையிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்தார். இறக்கிய நெம்புகோலைப் பெட்டியின் காலோடு சேர்த்து நாலு சுற்றுக் கட்டினார். முறுக்கினார். இழுத்துப் பார்த்தார். பிறகு அவளைத் தனக்கு முன்னால் நிற்க வைத்தார். டார்ச் வெளிச்சத்தில் அவர் முகம் இன்னும் கிழடாகத் தெரிந்தது.

"நீ இங்கயே நில்லு. மேல இருந்து 'போடு'ன்னு சத்தம் வரும்."

"அப்ப போடணும். சரி."

"போடக் கூடாது."

"என்னண்ணே?"

"யார் சொன்னாலும் போடாத. நானே சொன்னாலும் போடாத. நான் கீழ இறங்கி வந்து, உன் முன்னாடி நின்னு, என் கையாலதான் போடுவேன்."

"அப்ப நான் எதுக்கு இங்க நிக்கணும்?"

"போடாம இருக்கறதுக்கு."

அவர் படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார்.

அவள் நின்றாள். நிற்பது ஒன்றும் புதிதில்லை. காலையில் நாலரைக்கு எழுந்து அம்மாவைத் துடைத்து, மாத்திரை கொடுத்து, எட்டு மணிக்கு ஆபீஸுக்கு ஓடி, ஆறு மணிக்குத் திரும்பி, ராத்திரியெல்லாம் மெஷின் சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு தூங்குகிறவளுக்கு, சுவரில் சாய்ந்து நிற்பதே ஓய்வுதான். இன்றைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். மேனேஜர், "மறுபடியும் அம்மாவா?" என்று கேட்டிருந்தார். அம்மா என்ன வாரத்துக்கு ஒன்றாக மாறுமா என்று கேட்கவில்லை. கேட்கத் தெம்பு இல்லை.

மேலே ஒரு ஸ்டூல் இழுபடும் சத்தம். திருகாணி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. மழை ஒரே சீராகக் கொட்டியது. படிக்கட்டுக்கு அடியில் பழைய ஈரச் சுண்ணாம்பின் வாடையும் கருகிய வாடையும் கலந்து தொண்டையைக் கரித்தன.

இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஓடிப்போய் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தாள். அம்மா கண் திறந்து பார்த்து, "ஆள்... வந்தாச்சா?" என்றாள். "வந்தாச்சும்மா. நிதானமா செய்யறார்." அம்மாவின் கண் சிரித்தது.

முள் சிவப்புக் கோட்டுக்குள் இறங்கியபோது மணி ஐந்தாக ஐந்து நிமிஷம். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டது.

"போடும்மா."

அவருடைய குரல். அதே நிதானம். அவள் கை தானாக நெம்புகோலுக்குப் போய்விட்டது. இரும்பு ஈரமாக, ஜில்லென்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"முடிஞ்சிடுச்சு, போடும்மா."

"கீழ வாங்கண்ணே!"

"கால் மரத்துப் போச்சு. எறங்க நேரமாகும். நீயே போடு. அம்மா பாவம்."

அவர்தான். பேச்சும் அவர் பேச்சுதான். சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு நியாயமான மனுஷன் அப்படித்தான் சொல்வான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இவரே போடாதே என்பாராம், இவரே போடு என்பாராம். இவர் விளையாட்டுக்கு உள்ளே ஒரு உயிர் கிடந்து இழுக்கிறது.

போனை எடுத்தாள். அவர் நம்பரைத் தட்டினாள். மாடியில் மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது.

"ம்" என்றார், ரகசியம் போல.

"முடிஞ்சுதா?"

"இல்லம்மா. ரெண்டு முனை இன்னும் கையில இருக்கு. தோள்ல போனை இடுக்கிட்டுப் பேசறேன்."

"நீங்க போடச் சொல்லலையா?"

அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"எத்தனை தடவை சொல்லுச்சு?" என்றார்.

"மூணு."

"இங்கயும் கேக்குது. நீ கீழ இருந்து 'போடலாமா, போடலாமா'ன்னு கேட்டுட்டே இருக்க. நான் வாயைத் திறக்கல."

அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"அண்ணே..."

"நில்லு. அவ்ளோதான். நில்லு."

போன் செத்துப்போனது. சார்ஜ் போடக் கரண்ட் ஏது?

முதுகைப் பெட்டியில் அழுத்திக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நின்றாள். மேல் படி வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. யாரும் இல்லை. மழைச் சத்தம் திடீரென்று தூரமாகப் போனது போல இருந்தது. வீடே காதைத் தீட்டிக்கொண்டு அவளைக் கேட்பது போல.

"டிகிரி."

இது மாடியிலிருந்து வரவில்லை. கீழேயிருந்தே வந்தது. உள்ளறைப் பக்கத்திலிருந்து.

"டிகிரி, அங்க என்னடி பண்ணிட்டு இருக்க? மூச்சு முட்டுதுடா கண்ணு, அந்த சுவிட்சைப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு."

அம்மா.

அம்மாவின் குரல், கணீரென்று. மில் ஷிப்ட் முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே "கதவைத் திறடி டிகிரி, காலு போச்சு" என்று கத்துவாளே, அந்தக் குரல். பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி, "எம் பொண்ணு பாஸு, எம் பொண்ணு பாஸு" என்று கூவினாளே, அந்தக் குரல். டிகிரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. சரிம்மா என்று வாய் முணுமுணுத்தது. கை நெம்புகோலைப் பிடித்துத் தூக்கியது. கட்டியிருந்த ஒயர் விறைத்தது. ஒரு சுற்று நழுவியது.

"போடுடா தங்கம், எவ்ளோ நேரமா கூப்பிட்டுட்டு இருக்கேன், உனக்கு அம்மா மேல ஆசையே இல்லையா?"

இன்னொரு சுற்று நழுவியது.

மூச்சு வாங்காமல், ஒரே இழுப்பில், இத்தனை வார்த்தை.

டிகிரியின் கை நின்றுவிட்டது.

நாலு வருஷமாக அம்மா இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசியதில்லை.

நெம்புகோலை விட்டாள். அது எடையோடு கீழே விழுந்து உட்கார்ந்தது. உள்ளறைக்கு ஓடினாள்.

அம்மாவின் முகத்தில் மாஸ்க் இல்லை. மடியில் கிடந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாய் மீன்வாய் போலத் திறந்து மூடியது. ஆனால் கண்ணில் பயம் இல்லை. டிகிரி மாஸ்க்கை எடுத்து அழுத்தி மாட்டினாள், பட்டையைக் காதுக்குப் பின்னால் இழுத்தாள். முள் கீழ்க் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. சிலிண்டருக்குள்ளிருந்து வந்த சத்தம் சீழ்க்கை போல மெலிந்திருந்தது.

அங்கே, இரண்டு சுற்று நழுவிய ஒயரோடு நெம்புகோல் காவல் இல்லாமல் கிடந்தது.

பின்னால் படிக்கட்டுக்கு அடியிலிருந்து குரல்கள் வந்தன. நிதானத்தின் குரல் போடு என்றது. வீட்டுக்காரரின் குரல், "படிச்ச பொண்ணு, போடத் தெரியாதா?" என்றது. மேனேஜரின் குரல், சித்தப்பாவின் குரல். எழுந்து போய் அந்த நெம்புகோலைக் காக்க வேண்டுமா, இந்த மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. அந்த ஒரு நொடியில்தான் உறைத்தது.

அதற்குக் கை இல்லை. இருந்திருந்தால் எப்போதோ போட்டிருக்கும். அதற்கு வாய் மட்டும்தான்.

கட்டிலில் ஏறி அம்மாவின் தலையை மார்போடு சாய்த்துக்கொண்டாள். இரண்டு கையாலும் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தாள். "கத்து" என்றாள் இருட்டைப் பார்த்து. "நல்லா கத்து. நான் வர மாட்டேன்."

குரல்கள் நின்றன.

அது நின்றதுதான் கத்தியதைவிட மோசமாக இருந்தது.

சீழ்க்கை நின்றது. முள் சாய்ந்தது. அம்மாவின் நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போட்டது. அப்போது படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படியிலும் இரண்டு கால். ஒரு பேச்சும் இல்லை. காலடி படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றது. ஒயரைப் பிரிக்கும் சத்தம். பிறகு இரும்பு மோதும் 'கட்டாங்'.

மெஷின் கீச்சென்று கத்திவிட்டு உறுமியது. தலைக்கு மேல் டியூப் லைட் இரண்டு தரம் சிமிட்டி எரிந்தது.

டிகிரி குழாயை சிலிண்டரிலிருந்து பிடுங்கி மெஷினில் சொருகினாள். முதல் தடவையிலேயே பொருந்தியது.

பத்து நிமிஷம் கழித்து அம்மாவின் உதடு பழைய நிறத்துக்கு வந்தது. நிதானம் வாசலில் நின்று அதுவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முழுக்க வேர்வை. வலது கை விரல்களில் கரி. டிகிரி தண்ணீர் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார்.

"முன்னாடி இங்க வந்த அன்னிக்கு நான் கீழ நின்னேன்" என்றார். "மேல இருந்தது என் கூட்டாளி. பதினாலு வருஷம் ஒண்ணா வேலை செஞ்சோம். அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாச்சு, எப்படா 'போடு'ன்னு சொல்லுவான்னு நான் காதைத் தீட்டிட்டு நிக்கறேன். சொன்னான். அவன் குரல்தான். போட்டேன்."

மயிரில்லாத புருவத்தைத் தடவிக்கொண்டார்.

"வீட்டுக்காரரும் அந்தக் குரலைக் கேட்டார். 'அவன்தானப்பா போடச் சொன்னான், நானும் கேட்டேனே'ன்னார். எல்லாரும் என்னைச் சமாதானப்படுத்தினாங்க. அவன் வாயில ஸ்க்ரூ கவ்விட்டு இருந்தாம்மா. பல்லுக்கு நடுவுல ரெண்டு ஸ்க்ரூ. வாயைத் திறந்திருக்கவே முடியாது."

டிகிரி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அவரோட ஆவியா?" என்றாள்.

"அவனா? அவன் ஒரு எறும்பை மிதிக்க மாட்டான். இது அவனுக்கு முன்னாடியே இங்க இருந்திருக்கு." பையைத் தோளில் மாட்டினார். "நீ விலாசம் சொன்னப்பவே எந்த வீடுன்னு தெரிஞ்சுது. வேற எவனாவது வந்து, உன்னை சுவிட்ச் கிட்ட நிக்க வச்சிட்டு மேல ஏறினான்னா... அதான் வந்தேன்."

"இப்ப நான் என்ன பண்ணணும்ணே?"

"வீடு மாத்து."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு வராத இடத்தில் வந்த சிரிப்பு. இந்த வீட்டைக் கண்டுபிடிக்க நாலு மாதம் அலைந்தாள். ஆக்சிஜன் மெஷினைப் பார்த்ததும் எத்தனை வீட்டுக் கதவு மூடியது. நோயாளி என்றால் கதவு மூடும். ஆம்பளை இல்லாத வீடு என்றால் ஜன்னலும் மூடும். இந்த ஆள் சாமானியமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், சட்டையை மாற்று என்பது போல.

"சீக்கிரம்" என்றார், அவள் சிரிப்பைப் பார்த்தபடி. அந்த வார்த்தை அவர் வாயில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஒவ்வொரு அடியாக அளந்து வைத்து, தெருமுனை திரும்பிப் போனார்.

மணி ஆறரை. டிகிரி வீட்டில் இருந்த அத்தனை லைட்டையும் போட்டாள். போனை சார்ஜில் வைத்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெஷினின் உறுமல் அறையை நிறைத்தது. இத்தனை நாள் எரிச்சலூட்டிய சத்தம், இன்றைக்குக் காதுக்கு இதமாக இருந்தது.

"ஏம்மா மாஸ்க்கைக் கழட்டின? நழுவிடுச்சா?"

அம்மா அவளைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"நீதானே... சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"கதவுகிட்ட... நின்னு." மூச்சு. "எனக்குக்... களைப்பா..." மூச்சு. "இருக்கும்மா... போதும்." மூச்சு. "கழட்டிடுன்னு... சொன்னே."

டிகிரி கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதபோது, ஒரே ஒரு தடவை, அதே வார்த்தைகள் மனசுக்குள் ஓடின. உதடுகூட அசையவில்லை. குழாயை மூடிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டப் போய்விட்டாள்.

"நான் சொல்லலம்மா. அது நான் இல்ல."

"கோவமெல்லாம்... இல்லடி." அம்மாவின் கை அவள் கன்னத்தைத் தடவியது. "நீயும்... எவ்ளோதான்... பண்ணுவே."

"அம்மா, நான் சொல்றதைக் கேளு. என் குரல்ல எது பேசினாலும் நம்பாத. நான் உன் முன்னாடி வந்து நின்னு சொன்னாத்தான்..."

நிறுத்திக்கொண்டாள். கதவுகிட்ட நின்னு சொன்னே என்றாளே அம்மா. நின்னு.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். டிகிரி அந்த மெலிந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பேச ஒன்றும் இல்லை. பேசப் பயமாகவும் இருந்தது. மெஷின் உறுமியது. அந்த உறுமலில் வேறு எந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது.

அம்மா கண்ணைத் திறக்காமலே, மெல்லத் தலையை ஆட்டினாள்.

"சரிடி" என்றாள்.

டிகிரி வாயைத் திறந்திருக்கவே இல்லை.

அவள் கைக்குள் இருந்த அம்மாவின் கை மெதுவாக உருவிக்கொண்டு, மாஸ்க்கின் பட்டையைத் தேடி மேலே போனது.